எங்கள் லைனில் கௌரவஸ்தர் இல்லையாம்

அவன் எழுதுவதைப் பார்த்த நிமிஷத்தில்தான் எனக்கு அது உறைத்தது.

அதுவரை என் கையில் ஒரு செங்கல் துண்டு இருந்தது. தங்கச் சுரங்கத்துக் காவல் ஜமேதாரின் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். எட்டடி தூரம்தான், குறி தப்பாது. அவனும் அவனுடைய காவல்காரர்கள் இருவரும் அப்போதுதான் என் அக்காவின் தட்டிக் குடிசையைச் சோதனை போட்டு முடித்திருந்தார்கள். கேழ்வரகு மாவு வாசல் மண்ணோடு கலந்து கிடந்தது. பாயை உதறி, பானைகளைக் கவிழ்த்து, கூரைக்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் அக்காவை வாசலில் நிறுத்தி, "கொண்டையை அவுத்து ஒதறு" என்றான் ஜமேதார். பெண்கள் தலைமுடிக்குள் தங்கத்தூளை வைத்துக் கடத்துகிறார்களாம். கூலி லைனின் இரண்டு வரிசைக் குடிசைகளும் வெளியே வந்து பார்த்தன. அக்கா அவிழ்த்தாள், உதறினாள். உதறி முடிக்கும் வரை அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

தலையிலிருந்து ஒன்றும் விழவில்லை. விளக்குமாடத்தில்தான் அகப்பட்டது, அவர்கள் தேடிவந்தது.

அது ஒரு வெள்ளைக் கல். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் முதன்முதலாகச் சுரங்கத்துக்குள் இறங்கி உயிரோடு மேலே வருகிற அன்று, தான் வேலை செய்த லெவலிலிருந்து, அந்த ஆழத்துத் தளத்திலிருந்து, ஒரு கல்லை மடியில் முடிந்துகொண்டு வருவான். வீட்டில் அதைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து மாடத்தில் உட்காரவைத்தால் அன்றிலிருந்து அது முனீஸ்வரன். அக்கா புருஷன், என் மாமா, சுரங்கத்துக்குள் மண் சரியாமல் மரம் கட்டுகிறவர். அவர் இறங்கத் தொடங்கிய காலத்தில் ஆட்களைக் கேஜில் ஏற்றி இறக்கும் ஷாப்டு வாசலில் மடியை அவிழ்த்துக் காட்டும் கட்டளையெல்லாம் கிடையாது. தாதுக் கல்லை வைத்திருப்பது குற்றம் என்ற சட்டம் பிற்பாடு வந்தது. அது வருவதற்குள் எங்கள் கல் சாமியாகிப் பல வெள்ளிக்கிழமைகள் ஆகியிருந்தன.

"இது எங்கேர்ந்துடா வந்திச்சி?" என்று ஜமேதார் கேட்டபோது மாமா பொய் சொல்லியிருக்கலாம். ஏரிக்கரையில் பொறுக்கினேன் என்றிருந்தால் போதும். சாமியின் பிறப்பைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ரெண்டாவது லெவல்லேர்ந்துங்க. நான் மொத மொதல்ல எறங்கனப்ப என்கூடவே கேஜ்ல மேல வந்த சாமி."

ஜமேதார் சிரித்தான். கல்லைச் சாக்கில் போட்டான். பிறகுதான், கவிழ்ந்து கிடந்த எங்கள் உரலின்மேல் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, பென்சிலை எச்சில் தொட்டு எழுத ஆரம்பித்தான். எழுதினான், அடித்தான், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான், கையால் மறைத்துக்கொண்டு மறுபடி எழுதினான்.

நான் பாதிரியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார். பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதுகிறவன் எப்படித் தோளைக் குறுக்குவான் என்று எனக்குத் தெரியும். இவனும் அப்படித்தான் குறுக்கினான். ஒரு குடும்பத்தை வாசலில் கொட்டிக் கிளறிய இந்த ஆள் எதற்காக ஒரு காகிதத்துக்கு இத்தனை பயப்படுகிறான்? எழுதுகிறானென்றால் அதை வாசிக்கிறவர் யாரோ இருக்கிறார். அந்த யாரோவுக்கு இவன் பயப்படுகிறான். அது யார் என்று கண்டுபிடித்தால் இவனை எந்த இடத்தில் அடிக்கலாம் என்று தெரிந்துவிடும். பின்மண்டை அந்த இடம் இல்லை.

செங்கல்லைக் கீழே போட்டேன். மாமாவை அவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் ரயில் பாதையோரமாகவே நடந்து கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே தந்தி குமாஸ்தாவாக இருந்தவன் என்னோடு படித்தவன். பிளீடர் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். தந்தி மேஜைக்கு அடியில் எப்போதும் சட்டப் புத்தகம் இருக்கும்.

"இன்னாடா வாத்தி, கண்ணு செவந்துகினு கீது? குடிச்சியா?" என்றான்.

"குடிக்கல. ஒருத்தன் ரத்தத்தக் குடிக்கணும்."

"இரு, அது எந்தப் பிரிவுல வருதுன்னு பாக்கறேன்."

நடந்ததைச் சொன்னேன். அவன் கிண்டலை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்தான். கிரிமினல் நடைமுறைச் சட்டம். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தான். நான் வாசித்தேன். ஓரிடத்தைச் சோதனை போடும் முன்பு அந்த வட்டாரத்துக் கௌரவஸ்தர்கள் இருவரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும். அவர்கள் கண்முன்னால்தான் தேட வேண்டும். எடுத்தவற்றைப் பட்டியல் எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும், குடியிருப்பவர் கேட்டால் ஒரு நகல் தர வேண்டும். ஜமேதார் உரல்மேல் உட்கார்ந்து மறைத்து எழுதியது அந்தப் பட்டியல்தான், அதை வாசிக்கப்போகிறவர் மாஜிஸ்திரேட். வேறொரு பக்கத்தில், பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான், மரியாதை கெடாமல், சோதிக்க வேண்டும் என்று இருந்தது.

முதல் நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. அந்தப் பக்கங்களை வாசித்ததும் எனக்கு நல்ல பசி எடுத்தது. நண்பனுடைய டிபன் பாத்திரத்தை வாங்கி மொத்தத்தையும் தின்றேன்.

"ரொம்ப துள்ளாதே" என்றான் அவன். "சொரங்கத்துக்குத் தனிச் சட்டம் ஒண்ணு கீது. தாதுக்கல்லு யார் வூட்ல கெடைக்குதோ அவன்தான் அது வந்த வழியச் சொல்லணும். ஒங்க மாமா வந்த வழிய அல்லாம் வெலாவாரியா சொல்லிட்டாரு. ஜெயில் நிச்சயம். லைன்லேர்ந்து குடிசையும் போயிடும். நல்ல வக்கீலாப் பாரு."

கோலாரிலிருந்து ஒரு வக்கீல் கிடைத்தார். அவரைச் சம்மதிக்கவைக்க நான் தயார் செய்துகொண்டு போன பேச்சில் பாதிகூடத் தேவைப்படவில்லை. ஜமேதார் பெயரைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு தடவை சுரங்க எல்லை வாயிலில் இவருடைய வண்டியை அவன் மறித்து, கட்சிக்காரரின் தஸ்தாவேஜுகளைத் தரையில் பரப்பி, மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்துக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்திருக்கிறான்.

"தயிர்சாதத்துல தங்கம் இருக்குமா ஐயா?" என்று என்னையே கேட்டார். "அவனைக் கூண்டில் ஏற்றினால் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று அன்றைக்கே கணக்குப் போட்டேன். கேஸ்தான் வரவில்லை."

மாமாவை ஜாமீனில் எடுத்தோம். ஆனால் வக்கீல் சொன்ன முதல் வழி மாமாவுக்கு ஒத்துவரவில்லை. "ரொம்பச் சுலபம். அந்தக் கல்லை உடைத்து, பொடி பண்ணிச் சோதிக்கச் சொல்லி மனுப் போடுகிறேன். வெறும் வெள்ளைக் கல். தங்கம் இருக்காது. கேஸ் அன்றைக்கே விழுந்துவிடும்."

மாமா எழுந்து நின்றார். "சாமிய ஒடைக்கச் சொல்றீங்களா?"

"ஜெயில் ஐயா, ஜெயில்!"

"நான் உள்ள போறேங்க. அது ஒடைய வேணாம்."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன். கல் என்றேன், மூடத்தனம் என்றேன், அக்கா தெருவில் நிற்பாள் என்றேன். "ஆமா மச்சான், கல்லுதான்" என்றார் மாமா, சாந்தமாக. "நீ படிச்சவன், உனுக்கு அது கல்லு. மேல பாறை உழுந்தப்ப அத்த நெனச்சிகினுதான் நான் குந்திகினு இருந்தேன்."

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வாய் சண்டை போட்டதே தவிர, உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்லை உடைத்துத் தங்கம் இல்லை என்று ஆகிவிட்டால் ஜமேதாரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க அவசியமே இராது. மாமா ஜெயிலுக்குப் போவார் என்ற பயம் எனக்கு இருந்தது. அவன் தப்பித்துவிடுவான் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அக்காதான் தீர்த்துவைத்தாள். சோறு போட்டுக்கொண்டே, "கல்லப் பத்தி ஏன் பேசிகினு கீறீங்க ரெண்டு பேரும்? வந்தவனப் பத்திப் பேசுங்க. எப்பிடி வந்தான், யாரக் கேட்டுகினு வந்தான்? அத்தக் கேக்கச் சொல்லு ஒங்க வக்கீல" என்றாள்.

வழக்கு விசாரணைக்கு வர மூன்று வாரம் இருந்தது. நான் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டியில் லைன் பெண்கள் எல்லோரும் குடத்தோடு வரிசை கட்டுவார்கள். முறை வருவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுத்தேன்: சாட்சி ரெண்டு பேர் யாரு? லிஸ்ட்ல ஒரு நகல் எங்கே? என்னத் தொட்டுப் பாக்கப் பொம்பளை எங்கே?

"வாத்தியாரே, மூணாவது கேள்வி கேக்கறதுக்குள்ள அவன் மூணு பானைய ஒடச்சிருவான்" என்றாள் வரிசையில் முன்னால் நின்ற ஒருத்தி.

"ஒடச்சா அதையும் லிஸ்ட்ல எழுதச் சொல்லு."

"எம் புருஷன் ஒடச்சதையும் சேத்து எழுதிக்கலாமா?"

குடங்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். தெலுங்குக்காரப் பெண்கள் என்ன சிரிப்பு என்று கேட்க, ஒருத்தி மூன்று கேள்விகளையும் தெலுங்கில் திருப்பிச் சொன்னாள். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்குள் அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜமேதார் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வருவாள், மற்றவர்கள் அவளை மூன்று கேள்வியும் கேட்டு விரட்டுவார்கள். என் மூன்றாம் வகுப்பு இவ்வளவு சீக்கிரம் எதையும் கற்றதில்லை.

அந்தத் தொட்டியடியில்தான் எனக்கு இன்னொரு விஷயமும் கிடைத்தது. "அவனா? இவ்ளோ பெருமையா நடக்கறானே, இதே லைன்லதான் தவழ்ந்தான்" என்றாள் வயதான ஒருத்தி. "அவங்கப்பன் எங்க ஊட்டுக்காரரோட ஒரே ஷிப்டு. சொரங்கத்துல கல்லு ரொப்பன லாரிப் பெட்டி தள்ளிகினு இருந்தாரு. தங்கமான மனுஷன்." நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன். குறித்தபோதே வக்கீலிடம் எந்த வார்த்தைகளில் சொல்வது என்றும் யோசித்துவிட்டேன்.

விசாரணைக்கு நான்கு நாள் முன்பு காவல் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் வந்தான். சமாதானம் பேச வந்தான். சோதனைக்கு நாங்களே சம்மதித்தோம் என்று மாமாவும் அக்காவும் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தால் கேஸை எடுத்துவிடுவார்களாம். குடிசையும் போகாதாம். மாமா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். என் ஆத்திரத்துக்காக அவர் ஜெயிலுக்குப் போக வேண்டுமா என்று எனக்கே தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

அக்கா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "சம்மதிச்சேன்னு நாட்டு வெச்சா, நானே ஆசப்பட்டு நடு வாசல்ல கொண்டைய அவுத்தேன்னு ஆயிடும். போய்ச் சொல்லு. வெக்க மாட்டேன்."

"நல்லா யோசிச்சுக்கோ மா" என்றான் வந்தவன்.

"யோசிக்க இன்னா கீது? நீ போ. போறப்ப எங்க வாசல்ல இன்னா இன்னா கீதுன்னு லிஸ்ட் எழுதிகினு போ."

விசாரணையன்று கோர்ட்டுக் கச்சேரியில் நிற்க இடமில்லை. ஷிப்டு முடிந்து மேலே வந்தவர்கள் தூங்கப் போகாமல், தலையில் மண்ணோடு அப்படியே வந்திருந்தார்கள். பெண்கள் வராந்தா முழுக்க. ஜமேதார் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கூண்டில் ஏறினான். அவன் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷில் சொன்னார்.

வக்கீல் அவசரப்படவே இல்லை. சாட்சிகள் யார் என்று கேட்டார். கூட வந்த காவல்காரர்கள் இருவர் என்றான் அவன். அவர்கள் லைனில் குடியிருப்பவர்களா? இல்லை, காவல் குவார்ட்டர்ஸில். பட்டியலில் அவர்கள் எங்கே கைநாட்டு வைத்தார்கள்? குடிசை வாசலில். பிறகு அந்தக் காவல்காரர்களில் ஒருவனைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவன் ஜமேதாரின் முகத்தைப் பார்த்தான், மாஜிஸ்திரேட்டைப் பார்த்தான். "ஆபீஸ்லங்க. அடுத்த நாள் காலைல வெச்சேங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டான்.

ஜமேதாரை மறுபடி ஏற்றினார்கள்.

"லைனில் நூற்றுக்கணக்கான பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்களே, அவர்களில் இருவரை ஏன் சாட்சியாகக் கூப்பிடவில்லை?"

"கௌரவஸ்தரைத்தான் கூப்பிடணும்னு சட்டம்ங்க."

"ஆமாம்."

"கூலி லைன்ல கௌரவஸ்தர் யாரும் இல்லீங்க."

வக்கீல் கொஞ்ச நேரம் காகிதம் தேடுகிற மாதிரி நின்றார். அவர் எதையும் தேடவில்லை. அந்த வார்த்தை வராந்தா வரைக்கும் போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தார். போய்ச் சேர்ந்தது. வாய்க்கு வாய் பின்னால் போனதைக் கேட்டேன்: "இல்லியாம்... யாரும் இல்லியாம்..."

"எந்த லைனிலுமா?"

"எதிலும் இல்லீங்க."

"இப்போது மட்டுமா, எப்போதுமே இல்லையா?"

"எப்பவுமே இல்லீங்க."

"உன் தகப்பனார் எங்கே குடியிருந்தார்?"

ஜமேதாரின் கை தலைப்பாகைக்குப் போனது. மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியை இன்னொரு தடவை சொல்லும்படி கேட்டார். வக்கீல் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, மறுபடி கேட்டார்.

"அதே லைன்லங்க."

"அவர் கௌரவஸ்தரா, இல்லையா?"

அவன் கழுத்தில் வேர்வை இறங்கியது. அவனுடைய தகப்பனாரைத் தங்கமான மனுஷன் என்று சொன்ன அந்த வயதான பெண்ணும் வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன், கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தேன். வரவில்லை. அவன் அங்கே நின்ற ஒவ்வொரு நிமிஷமும் எனக்கு இனித்தது. இன்றைக்கும் இனிக்கிறது, அதை மறைக்க நான் இதை எழுதவில்லை.

பட்டியலை நம்ப முடியாது, எந்தக் கல் எங்கே எடுக்கப்பட்டது என்பதற்குச் சரியான சாட்சியம் இல்லை என்று சொல்லி மாஜிஸ்திரேட் மாமாவை விட்டுவிட்டார். கல்லைத் திருப்பித் தரவில்லை. அது சுரங்கத்தின் சொத்தாம். மாமாவுக்கு விடுதலையான சந்தோஷமே முகத்தில் இல்லை. "அத்த எந்த மூலைல போட்டு வெச்சிகீறாங்களோ" என்று மட்டும் சொன்னார்.

லைனுக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் செய்தி முன்னால் வந்துவிட்டது. அன்று சாயந்திர ஷிப்டுக்குக் கேஜில் ஏறியவர்கள், "கௌரவம் இல்லாதவரே, கொஞ்சம் நகுந்து நில்லுங்க", "நீங்க மொதல்ல எறங்குங்க கௌரவம் இல்லாதவரே" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார்களாம். சிரித்தார்கள்தான். ஆனால் நன்றாக வலித்துத்தான் சிரித்தார்கள். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஆட்கள் என்னை நிறுத்தி, "நெசமாவே அப்பிடிச் சொன்னானா வாத்தியாரே?" என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவரிடமும் நான் வரிக்கு வரி சொன்னேன். தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன், எனக்குத் தெரிந்த கன்னடத்திலும் சொன்னேன். அவனுக்கு எதிராக ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லத் தேவைப்படவில்லை.

இதற்குப் பிறகு அவன் வேலை போகும் என்று நினைத்தேன். போகவில்லை. தீர்ப்பில் மாஜிஸ்திரேட் அவனைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. பத்தாவது நாள் அதே தலைப்பாகையோடு லைனுக்குள் வந்தான். இந்த முறை கூடவே இரண்டு மேஸ்திரிகள். காண்டிராக்டரிடம் சம்பளம் வாங்குகிற மேஸ்திரிகள்தான் இனிமேல் சோதனைக்குச் சாட்சியாம். என்னைக் கண்டதும் நின்றான்.

"வாத்தியாரே, பாத்தியா? கௌரவஸ்தர் ரெண்டு பேரக் கூட்டிகினு வந்துகீறேன். திருப்திதானே?"

பெண்களில் நான்கைந்து பேர் உடனே குடிசையைவிட்டு வெளியே வந்து நின்று மூன்றாவது கேள்வியைக் கேட்டார்கள், ஒரே குரலில். தொட்டுப் பாக்கப் பொம்பளை எங்கே? அவன் கூட்டிவரவில்லை. பானைகளை மட்டும் பார்த்துவிட்டுப் போனான். கொண்டை எதையும் அவிழ்க்கச் சொல்லவில்லை. பெண்கள் அதை வெற்றி என்று கொண்டாடினார்கள். எனக்குப் போதவில்லை.

அக்காவுக்கும் போதவில்லை. வக்கீலிடம் தன்னைக் கூட்டிப்போகச் சொன்னாள். கொண்டையை அவிழ்க்க வைத்ததற்காக அவளே வாதியாக ஜமேதார் மேல் புகார் கொடுக்கலாம் என்றார் அவர். ஆனால் இந்தத் தடவை அவள் கூண்டில் ஏற வேண்டும், அவனுடைய வக்கீல் எல்லோர் முன்னாலும் அவளைக் குடைவார், லைனில் பேசாததையெல்லாம் கேட்பார் என்று எச்சரித்தார்.

"அவங்கப்பனப் பத்திக் கேட்டப்ப அவன் மூஞ்சி போன போக்க நான் பாத்தேங்க" என்றாள் அக்கா. "அதுக்கு ஈடா என்னை எத்தினி கேள்வி வேணா கேக்கட்டும்."

வெளியே வந்ததும், "நானும் கூண்டுகிட்ட நிக்கறேன்" என்றார் மாமா.

மேஸ்திரிகளைச் சாட்சியாக ஒப்புக்கொள்ள முடியாது என்று ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு லைனிலும் குடியிருக்கிற, யாரிடமும் கைகட்டி நிற்காத இருபது பேரின் பெயரும் கைநாட்டும், இவர்கள்தான் கௌரவஸ்தர்கள் என்று, அதில் சேர வேண்டும். ஆணும் பெண்ணும் பாதிப் பாதி. எங்கள் லைனில் முடிந்துவிட்டது. தன் பெயர் ஏன் இல்லை என்று பதினோரு பேர் என்னோடு சண்டைக்கு வந்தாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லைன்களுக்குப் போகிறேன். அங்கே இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், தந்தி குமாஸ்தா ஒன்றில் நிற்பான், நான் இன்னொன்றில். திங்கட்கிழமை முதல் ரயிலில் அக்காவும் மாமாவும் நானும் கோரமண்டலில் ஏறி, பௌரிங்பேட்டையில் இறங்கி, வண்டி பிடித்துக் கோலாருக்குப் போகிறோம். புகாரை வக்கீலின் குமாஸ்தா எழுதுவார். பிரதிவாதியின் பெயர் வருகிற இடத்தை மட்டும் விட்டுவையுங்கள், அதை நான் என் கையால் எழுதுகிறேன் என்று அவரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.